பலகைக்குப் பின்னால் நின்றவர்

தோக்கியோவில், இகெபுகுரோ ஸ்டேஷன் மேற்கு வாசலில் நடைபாதை மேல் விளம்பரப் பலகையை நிறுத்தி வைத்தால் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். அதே பலகையை ஒரு ஆள் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் ஒன்றும் சொல்லாது. எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்த சட்டமோ தெரியாது. ஒரு இரும்புக் கம்பி செய்யவேண்டிய வேலைக்கு உயிருள்ள மனுஷனைக் கொண்டுவந்து நட்டு வைத்திருக்கிறார்கள். கம்பிக்குக் கால் வலிக்காது, குளிராது, ஒன்றுக்கு வராது. ஆனால் கம்பி வைத்தால் குற்றம்.

என் சிகரெட் கடை அந்த முக்கில்தான். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் நான், என் கால்மாட்டில் ஒரு மின்சாரக் கணப்பு. அவ்வளவுதான். புருஷன் போன பிறகு எனக்கு உலகம் என்பது அந்த ஜன்னல் அளவு. எதிரே ஒல்லி ஒல்லியாகக் கட்டடங்கள், மாடிக்கு ஒரு பிழைப்பு. கீழே நூடுல்ஸ் கடை, அதற்கு மேலே வட்டிக்கடை, அதற்கு மேலே பாட்டுப் பாடும் அறைகள், அதற்கும் மேலே என்ன நடக்கிறது என்று நான் கேட்பதில்லை. தெருவில் போகிறவன் எவனும் தலையைத் தூக்கி மாடியைப் பார்ப்பதில்லை. அதனால்தான் கீழே ஒரு பலகை, பலகையில் ஒரு அம்புக்குறி, அம்புக்குறிக்குப் பின்னால் ஒரு ஆள்.

அந்த ஆள்தான் அசாரி. குடும்பப் பேரெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெருவில் எல்லோருக்கும் அவர் 'பலகை'. "பலகை, நெருப்பு இருக்கா?" "பலகை, ஸ்டேஷன் எந்தப் பக்கம்?" யார் கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டார், பலகையைக் கொஞ்சம் சாய்த்துத் திசை காட்டுவார். பலகை அவர் தலைக்கு மேல் ஒரு சாண் உயரம், மார்பு வரை இறக்கம். கீழே இரண்டு கால், நடுவில் இரண்டு கை, அவ்வளவுதான் தெரியும். இந்த ஊரில் அதற்கு மேல் யாருக்கு யாரைத் தெரியவேண்டும்?

எனக்கு வாய் சும்மா இருக்காது. வந்த புதிதில் கேட்டேன்.

"எந்த ஊர்யா உனக்கு?"

"இங்கதான்."

"இங்கதான்னா? இந்த நடைபாதையிலேயா பொறந்தே?"

பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அதுதான் ஆரம்பம். அதற்குப் பிறகு அவர் ஒன்றுக்குப் போகவேண்டும் என்றால் என்னிடம் வருவார். பலகையைக் கீழே வைக்கக் கூடாதே. நான் வெளியே வந்து பிடித்துக்கொண்டு நிற்பேன். அறுபது வயதுக் கிழவி, தலைக்கு மேலே 'தள்ளுபடி விலையில் பௌலிங்' என்று எழுதிய பலகையோடு. போகிற குடிகாரன்கள் எல்லாம் "பாட்டி, நீயும் விளையாட வர்றியா?" என்பான்கள். திரும்பி வந்ததும் அவர் ஒரு டப்பாக் காப்பியை என் ஜன்னலில் வைத்துவிட்டுப் போய் நின்றுகொள்வார். நல்ல மனுஷன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

ஒரு மழை நாளில்தான் கதையைச் சொன்னார். என் கடை மறைப்புக்குக் கீழே ஒதுங்கி நின்றார், பலகை கையிலேயே இருந்தது.

"வடக்கே அகிதா பக்கம் அக்கா எங்க ஊர். முன்னாடி செம்புச் சுரங்கம் இருந்துச்சு. அத மூடின பிறகு கேமரா பாகம் செய்யற தொழிற்சாலை வந்துச்சு. நான் அதுல ஆட்களப் பாத்துக்கிற அதிகாரி."

"அதிகாரியா? உன்னைப் பாத்தா அப்படித் தெரியலையே."

"மூஞ்சியப் பாத்தாத்தானே தெரியும்" என்றார்.

தொழிற்சாலை தள்ளாட ஆரம்பித்ததும் தலைமை அலுவலகம் இவரைக் கூப்பிட்டிருக்கிறது. பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பு, யாரை என்று நீயே முடிவு பண்ணு. ஊரில் எல்லோரும் தெரிந்தவர்கள், கூடப் படித்தவர்கள், பெண் கொடுத்தவர்கள். சொந்தக்காரனைக் காப்பாற்றிவிட்டான் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று இவர் முதலில் வெளியே அனுப்பியது மனைவியின் தம்பியை. அந்தப் பிள்ளை இரண்டு வாரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, ஆப்பிள் தோட்டத்துக் கொட்டகையில் தூக்குப் போட்டுக்கொண்டது.

"சாவு வீட்டுல என் பொண்டாட்டி எல்லாருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தா. எனக்கும் கொடுத்தா அக்கா. ரெண்டு கையாலயும் பிடிச்சு, மரியாதையா. ஒரு வார்த்தை சொல்லல. அவ என்னைத் திட்டியிருந்தா அங்கேயே இருந்திருப்பேன். மூஞ்சில டீயை ஊத்தியிருந்தாகூட இருந்திருப்பேன்."

மறுநாள் காலை வேலைக்குப் போவதுபோலக் கிளம்பி ரயில் ஏறிவிட்டார். பெண் குழந்தை அப்போது மூன்றாம் வகுப்பு. சிஹோ என்று பேர்.

"பொண்டாட்டி திட்டலைன்னு ஓடிவந்த ஒரே ஆம்பளை நீதான்யா. தம்பியும் போய், புருஷனும் போனா அவ கதி என்னன்னு நினைச்சே?"

"நினைச்சேன்."

"நினைச்சுட்டு?"

"நினைக்க நினைக்கத் திரும்பிப் போறது கஷ்டமாயிடுச்சு."

"சரி, ஏன்யா இகெபுகுரோ? தோக்கியோல வேற இடமா இல்ல?"

"வடக்குப் பக்கத்துக்காரங்க எல்லாம் உயேனோ ஸ்டேஷன்லதான் இறங்குவாங்க. அங்க நின்னா ஒரே மாசத்துல எவனாவது அடையாளம் கண்டுடுவான். இந்தப் பக்கம் எங்க ஊர்க்காரங்க வரமாட்டாங்க அக்கா."

இப்படியே வருஷங்கள் ஓடின. பலகை மாறிக்கொண்டே இருந்தது. பௌலிங் போய் சீனச் சாப்பாடு வந்தது, அது போய் வட்டிக்கடை வந்தது. எந்தப் பலகை என்பதை ஆள் அனுப்பும் கம்பெனி முடிவு செய்யும். ஒரு வசந்த காலத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்று வந்தது. 'பெண்களுக்கு வேலை. பதினெட்டு வயதுக்கு மேல். அன்றன்றைக்கே சம்பளம். தங்க இடம் உண்டு. ஐந்தாவது மாடி.' அந்த ஐந்தாவது மாடியில் என்ன வேலை என்று இந்தத் தெருவில் பூனைக்கும் தெரியும். தெரியாத பெண்கள்தான் வருவார்கள். தெரிந்தும் வேறு வழியில்லாதவர்களும் வருவார்கள். பெட்டியோடு மேலே போகிற பெண்ணைப் பார்ப்பேன், பிறகு பல மாதம் கழித்து என் ஜன்னலில் சிகரெட் வாங்க வரும்போது அதே பெண்ணா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

"ஏன்யா, இதைப் பிடிச்சுக்கிட்டு நிக்க உனக்கு ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டேன்.

"எழுத்தெல்லாம் அந்தப் பக்கம் அக்கா. நான் இந்தப் பக்கம் நிக்கிறேன்" என்றார்.

நானும் அந்தப் பெண்களுக்குச் சிகரெட் விற்றுத்தானே கணப்புக்கு மின்சாரம் கட்டுகிறேன்.

செப்டம்பர் மாதம். வெயில் இன்னும் தணியாத ஒரு மத்தியானம். சின்னப் பயணப் பையோடு ஒரு பெண் என் ஜன்னலுக்கு வந்தாள். தொண்டை மிட்டாய் வாங்கினாள். இருபது வயது இருக்கும், கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தாள். அப்படிப் பட்டன் போட்டுக்கொண்டு இந்தத் தெருவில் யாரும் நடப்பதில்லை.

"எங்கிருந்தும்மா வர்றே?"

"செந்தாய்" என்றாள். பொய். செந்தாய் பட்டணத்துக்காரிக்கு அப்படி ஒரு இழுவை வராது. அந்த இழுவையை நான் கேட்டிருக்கிறேன், மழைக்கு ஒதுங்கிய ஒருத்தர் வாயில்.

அவள் திரும்பினாள், இளஞ்சிவப்புப் பலகை கண்ணில் பட்டது, நேராக அதனிடம் போனாள்.

"அண்ணா, இந்த இடம் எங்க இருக்கு?"

பலகை ஓரமாக ஒரு கண் எட்டிப் பார்த்தது. உடனே உள்ளே போய்விட்டது. பலகை ஆடியது. பிறகு அவர் குரல், நான் அதுவரை கேட்காத ஒரு குரல், பட்டணத்துப் பேச்சு.

"மூடிட்டாங்க."

"மூடிட்டாங்களா? இப்பதானே போன்ல பேசினேன்."

"வேற இடத்துக்கு மாறிட்டாங்க. ரொம்ப தூரம்."

அவள் சிரித்துவிட்டாள். "அப்புறம் எதுக்கு அண்ணா இதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

பாவம், அவள் பாட்டுக்குக் கட்டடத்தைத் தேடிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனாள். அசாரி பலகையோடு என் ஜன்னலுக்கு வந்தார்.

"அக்கா, அது சிஹோ."

"நல்லாத் தெரியுமா?"

"அவ அம்மா இந்த வயசுல இப்படியேதான் இருந்தா. சிரிக்கிறதுகூட."

ஊர்க்காரர்கள் யாரும் இறங்காத இடம் என்று அப்பன் தேர்ந்தெடுத்த இடம். பெண்ணும் அதே கணக்குப் போட்டுத்தான் இங்கே வந்து இறங்கியிருக்கிறாள்.

"நின்னுக்கிட்டு என்னைப் பாத்தா? போய்யா, அப்பான்னு சொல்லுய்யா. கூட்டிக்கிட்டுப் போய் ரயில் ஏத்து."

அவர் தலையை ஆட்டினார், முடியாது என்று. அதற்குள் அந்தப் பெண் கட்டடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். லிப்ட் பொத்தானை அழுத்திவிட்டு நின்றாள்.

அசாரி பலகையைக் கீழே போட்டார். சாய்த்து வைக்கவில்லை, போட்டார். அது சத்தத்தோடு நடைபாதையில் விழுந்தது. தெருவைக் குறுக்கே கடந்து ஓடினார். அத்தனை வருஷம் நின்ற கால், ஓடத் தெரியவில்லை, ஒரு சைக்கிளில் முட்டிக்கொண்டு ஓடினார். லிப்ட் கதவு திறக்கவும் அவள் மணிக்கட்டைப் பிடிக்கவும் சரியாக இருந்தது.

பெண் அலறினாள். அலறாமல் என்ன செய்வாள்? முன்பின் தெரியாத ஒருத்தன், வெயிலில் கறுத்து, பல் போய், வியர்வை நாற்றத்தோடு வந்து கையைப் பிடித்து இழுக்கிறான். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை, விடவும் இல்லை. ஐந்தாவது மாடிக்காரர்களின் ஆள் சகாகி என்று ஒருவன், வெள்ளை ஷூ போட்டவன், ஓடிவந்து முதுகில் மிதித்தான். அப்போதும் விடவில்லை. கூட்டம் கூடிவிட்டது. காவல் சாவடியிலிருந்து சின்ன வயசுப் போலீஸ்காரர் வந்துதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நானும் கடையைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினேன்.

"இவரைத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

"தெரியாது. பைத்தியம்" என்றாள் அந்தப் பெண், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு.

"உங்க பேரு?"

"அசாரி சிஹோ."

"இங்க எதுக்கு வந்தீங்க? வீட்டுல யாருக்காவது தெரியுமா?"

"வீட்டுல இருக்கிறது அம்மா மட்டும்தான். அவங்களுக்குத் தெரியாது. அப்பா செத்துட்டார்."

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. இந்தாம்மா, உன் அப்பன் இதோ நிக்கிறான் பாரு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அசாரி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அந்த நடுத்தெருவில், என் பக்கமாக இடுப்பு வரை குனிந்தார். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று போலீஸ்காரர் நினைத்துக்கொண்டார். எனக்குத்தான் தெரியும், அது எனக்குப் போட்ட கும்பிடு. சொல்லாதே என்று. நான் வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் எனக்குப் பழக்கமில்லாத காரியம் அது.

போலீஸ்காரர் நல்ல பையன். இந்த இடம் உங்களுக்கு வேண்டாம், ஊருக்குப் போங்க என்று அந்தப் பெண்ணை அவரே ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டார். அவளும் நடுங்கிப்போயிருந்தாள், போய்விட்டாள். அசாரி சாவடியில் பேரைச் சொல்லமாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். பேரைச் சொன்னால் வீட்டுக்குத் தகவல் போகும், இன்னார்தான் உன் கையைப் பிடித்தார் என்று அவளுக்கும் போகும். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் பெண்கள் பக்கம் போகாதே என்று எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். பலகை நடுத்தெருவில் கிடந்ததற்குக் கம்பெனிக்கு அபராதம். கம்பெனி இவரைத் துரத்திவிட்டது.

அவர் சாவடியிலிருந்து வெளியே வந்த அன்றைக்கு நான் அவரைச் சும்மா விடவில்லை.

"ஏன்யா, கை கிட்ட வந்த பொண்ணு. அப்பாங்கிற ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வலிக்குதா? அவ உன்னைப் பைத்தியம்னு நினைச்சுக்கிட்டுப் போறா."

"அப்படியே நினைக்கட்டும் அக்கா."

"என்ன அப்படியே நினைக்கட்டும்?"

அவர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அந்த லிப்ட் வாசல்ல நின்னதை அப்பா பாத்துட்டார்னு தெரிஞ்சா அவ என்ன செய்வா? வெக்கப்பட்டவங்க வீட்டுக்குத் திரும்பிப் போகமாட்டாங்க அக்கா. எனக்குத் தெரியாததா? எவனோ ஒரு பைத்தியம் பாத்தான்னா பரவாயில்ல. அம்மாகிட்டத் திரும்பிப் போயிடலாம்."

அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இத்தனை வருஷம் ஓடி ஒளிந்து அந்த மனுஷன் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்போல.

வேறு ஊருக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. விடிகாலையில் மீன் கடையில் பெட்டி கழுவும் வேலை பிடித்துக்கொண்டார். மத்தியானம் ஆனதும் வந்து அதே முக்கில் நின்றார். பலகை இல்லாமல். பலகையைப் பிடிக்க ஒரு புது ஆள் வந்திருந்தான், காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டே நிற்பவன். அவனுக்குப் பக்கத்தில் இவர், வெறும் கையோடு, முழு முகத்தையும் தெருவுக்குக் காட்டிக்கொண்டு. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. முன்னால் கோத்துக்கொள்வார், பின்னால் கட்டிக்கொள்வார், கடைசியில் பைக்குள் விட்டுக்கொள்வார்.

"என்ன பலகை, சட்டை போடாம வந்துட்டே?" என்று சகாகி கேலி செய்வான். ஒரு தடவை தள்ளியும் விட்டான். இவர் எழுந்து அதே இடத்தில் நின்றார்.

"அவ வரமாட்டாய்யா. போய்ப் படு" என்று நான் சொல்வேன்.

"ஒரு தடவை வந்தவங்க இன்னொரு தடவை வருவாங்க. வீட்டுல பணக் கஷ்டம் இல்லாமலா வந்திருப்பா? அந்தக் கஷ்டம் அங்கேயேதான் இருக்கு."

"வந்தா என்ன செய்வே? மறுபடியும் கையைப் பிடிப்பியா? இந்தத் தடவை ஜெயில்தான்."

"பிடிக்கமாட்டேன். நிப்பேன்."

குளிர் வந்தது. என் கணப்பைக் காலால் அவர் பக்கம் கொஞ்சம் திருப்பி வைப்பேன், ஜன்னல் வழியாக என்ன சூடு போய்விடப்போகிறது. இருமல் வேறு பிடித்துக்கொண்டது. தெருவில் அவரைத் தெரிந்தவர்கள் பாதிப்பேருக்கு அது அவர் என்றே தெரியவில்லை. அத்தனை வருஷம் ஒருத்தர் முகத்தைப் பார்க்காமலேயே பழகியிருக்கிறார்கள், என்ன ஊர் இது.

புத்தாண்டு முடிந்து கடைகள் திறந்த வாரம். ரயில் வந்த கூட்டம் சிக்னலில் நின்றது. அதில் அவள். முடிக்குச் சாயம் பூசியிருந்தாள், உதட்டுக்கும் போட்டிருந்தாள், எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. கையைப் பைக்குள்ளிருந்து எடுத்தார். நடைபாதை நடுவுக்குப் போய் நின்றார். கூப்பிடவில்லை, கையை நீட்டவில்லை. சும்மா நின்றார், தலையை நிமிர்த்தி.

பச்சை விளக்கு விழுந்தது. அவள் பாதித் தெரு வரை வந்துவிட்டாள். அப்போதுதான் பார்த்தாள். அவள் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போனது. அவர் முகத்தையே பார்த்தாள், பயந்த கண்ணால், நன்றாக. பிறகு திரும்பி, வந்த வழியே, ஸ்டேஷன் பக்கமாக வேகவேகமாக நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ஜன்னலைத் திறந்து, "அசாரி" என்று கூப்பிட்டேன். அந்தப் பேரைச் சொல்லி நான் அவரைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அவர் திரும்பினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை, வாய் மட்டும் சிரித்தது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"பாத்தீங்களா அக்கா?" என்றார். "எவ்வளவு தூரத்துலேருந்து கண்டுபிடிச்சுட்டா. என் மூஞ்சிய மறக்கல."

சொல்லிவிட்டு மறுபடியும் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். பின் தெரு வழியாகச் சுற்றி வந்தாலும் வந்துவிடுவாள் என்று இருட்டும் வரை நின்றார்.